ஒரு கோட்டை மாற்றினால் உருவமே ஏன் உடைகிறது?

மாணவர்களே, கணினியில் ஒரு தட்டை வரைந்து, துளையிட்டு, மூலைகளை மழுக்கி முடித்துவிட்டீர்கள். பிறகு முதல் ஸ்கெட்ச்சில் ஒரே ஒரு கோட்டை மாற்றுகிறீர்கள். உடனே பட்டியலில் வரிசையாகப் பிழைக்குறிகள்! பலர் கோப்பை மூடிவிட்டு முதலிலிருந்து வரையத் தொடங்குவார்கள். காரணம் தெரிந்தால் அதற்குத் தேவையே இல்லை.

படம் அல்ல, செய்முறை

1963-இல் ஐவன் சதர்லாந்து எம்.ஐ.டி.யில் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', 'இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும்' என்பதுபோன்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. இன்றைய அளவுரு சார்ந்த கேட் மென்பொருள்களும் அவ்வழியில்தான் இயங்குகின்றன. அவை உருவத்தைப் படமாக அல்ல, செய்முறையாகச் சேமிக்கின்றன: முதலில் ஸ்கெட்ச், அதற்குத் தடிமன், அதன்மேல் துளை, கடைசியில் மழுக்கல். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடிதான் 'ஆதாரம்'.

ஒரு கணக்கு

60 மி.மீ. நீளமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள தட்டு. துளையின் மையம் வலது விளிம்பிலிருந்து 10 மி.மீ. அதாவது, இடது விளிம்பிலிருந்து 50 மி.மீ. இரண்டும் ஒரே இடம்தானே?

இப்போது நீளத்தை 80 மி.மீ. ஆக்குங்கள். வலது விளிம்பு ஆதாரமாக இருந்தால் துளை 70-க்கு நகரும். இடது விளிம்பு ஆதாரமாக இருந்தால் 50-இலேயே நிற்கும். இரண்டில் எது சரி? துளை எதற்காக என்பதே அதை முடிவுசெய்யும். ஆதாரத்தைத் தேர்ந்தெடுப்பது வடிவமைப்பாளரின் முடிவு. அதைத் தற்செயலாக விட்டுவிடக்கூடாது.

அமைதியான பிழை

முதலில் சொன்ன 60 மி.மீ. தட்டுக்கே வருவோம். துளைக்கு முந்தைய படியாக, மேல் வலது விளிம்பை 3 மி.மீ. ஆரத்தில் மழுக்குகிறீர்கள். 60-இல் இருந்த விளிம்பு மறைந்து, மேற்பரப்பின் புதிய விளிம்பு 57-இல் உருவாகும். துளை தன் ஆதாரத்தை இழந்தால் பிழைக்குறி வரும். அது நல்லதே, உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிடி புதிய விளிம்புக்குத் தாவினால் துளை எந்த எச்சரிக்கையுமின்றி 47-க்குப் போய்விடும். தொழிற்சாலை அந்தக் கோப்பை வைத்து அச்சு வெட்டினால் திருகு பொருந்தாது. வெட்டிய உலோகமும் வீண்.

இலவச மென்பொருளான ஃப்ரீகேட்டில் இச்சிக்கல் நெடுங்காலம் இருந்தது. அது பரப்புகளையும் விளிம்புகளையும் எண்ணிட்டு அழைத்தது. வகுப்பில் அகரவரிசையில் எண் கொடுத்திருக்கும்போது புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தால், '12-ஆம் எண்' வேறொருவர் ஆகிவிடுவார் அல்லவா? அதேபோல் ஒரு மூலையை வெட்டினாலே எண்கள் மாறி, ஸ்கெட்ச் வேறு பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு குறைத்தது. ஆயினும் நல்ல பழக்கத்துக்கு மாற்று இல்லை.

உடைந்தால் செய்ய வேண்டியவை

1. பட்டியலை மேலிருந்து பாருங்கள். முதல் பிழையைச் சரிசெய்தாலே கீழுள்ளவை பெரும்பாலும் தாமாகச் சரியாகும்.
2. அந்த ஸ்கெட்ச்சைத் திறந்து, தொலைந்த ஆதாரத்தை மட்டும் நீக்கி, இருக்கும் ஒன்றோடு மீண்டும் இணையுங்கள்.
3. ஸ்கெட்ச் அமர்ந்திருந்த பரப்பே மறைந்திருந்தால், ஸ்கெட்ச்சை வேறு தளத்துக்கு மாற்றுங்கள்.
4. கடைசியில் துளையின் தூரத்தை அளந்து பாருங்கள். பிழைக்குறி இல்லை என்பதாலேயே உருவம் சரி என்று ஆகிவிடாது.

உடையாமல் இருக்க

- கோட்டை அழித்து மீண்டும் வரையாதீர்கள்; அதன் அளவை மாற்றுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் மென்பொருளுக்கு அது புதிய கோடு.
- முடிந்தவரை மூலப்புள்ளி, அடிப்படைத் தளங்கள், முதல் ஸ்கெட்ச்சின் கோடுகள் ஆகியவற்றையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். அவை எளிதில் மறைவதில்லை.
- விளிம்பு மழுக்கலைக் கடைசிப் படியாக வையுங்கள்.
- எதையும் நீக்குமுன், 'இதைப் பிடித்துக்கொண்டு நிற்பது எது?' என்று பாருங்கள்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் செய்யும் சிறிய கைப்பேசித் தாங்கியிலேயே இவற்றைப் பழகலாம். நாளை செனாயிலோ பாசிர் கூடாங்கிலோ ஒரு தொழிற்சாலையில் அமரும்போது, பிறர் வரைந்த கோப்பைத் திருத்தும் வேலையும் உங்களுக்கு வரும். அங்கே இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

சிந்திக்க: தட்டின் நீளம் எவ்வளவு மாறினாலும் துளை நட்டநடுவிலேயே இருக்க வேண்டும். முதல் ஸ்கெட்ச்சை மூலப்புள்ளியின் எந்தப் பக்கத்தில் வரைவீர்கள்? (குறிப்பு: சமச்சீர்.)