சிறுகக் கட்டும் கணினி

நுழையும்முன்

விளையாட்டுக் கணினி என்றதும் பெரிய பெட்டியும் ஒளிரும் விசிறிகளும் மிகுந்த செலவும் பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எல்லா வீடுகளிலும் அதற்குரிய இடம் இருப்பதில்லை. மின்சாரமும் பணமும் அளவோடுதான் கிடைக்கின்றன. சிறிய இடத்தில், குறைந்த மின்சாரத்தில், நிறைவாக இயங்கும் விளையாட்டுக் கணினியை அமைக்க இயலுமா? அளவு என்பது தடையா, வழிகாட்டியா? இவ்வினாக்களுக்கு அறிவியலின் துணைகொண்டு விடை தேடுகிறது இப்பாடம்.

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது தமிழ்ப் பழமொழி. தேவையை முதலில் அறிந்து, அதற்கேற்ற அளவில் வீட்டைக் கட்டுக என்பதே இதன் பொருள். வீட்டிற்குப் பொருந்தும் இவ்வறிவுரை கணினிக்கும் பொருந்தும். சிறிய கணினி என்பது பெரிய கணினியைச் சுருக்கியது அன்று. எது வேண்டும், எது வேண்டா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிந்து அமைக்கப்படுவது ஆகும்.

நான்கு மின்கலங்களின் வெற்றி

இத்தெளிவுக்கு வரலாற்றில் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம்பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர் குன்பெய் யோகோய் என்னும் வடிவமைப்பாளர். வண்ணத்திரை அக்காலத்திலேயே இருந்தது. எனினும், கேம்பாயின் திரை வண்ணமற்றது, பின்னொளியும் இல்லாதது. அகலத்தில் 160, உயரத்தில் 144 என்னும் அளவிலான படப்புள்ளிகளும் நான்கு சாயல்களுமே அதில் இருந்தன. அதன் நினைவகம் 8 கிலோபைட் மட்டுமே.

அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் ‘லின்க்ஸ்’ கருவியும், மறு ஆண்டில் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ கருவியும் பின்னொளியுடன் கூடிய வண்ணத்திரையோடு வந்தன. அவை ஆறு மின்கலங்களை உண்டு, சில மணி நேரத்திலேயே ஓய்ந்தன. கேம்பாயோ, சுவர்க்கடிகாரத்தில் இடும் அளவிலான நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கும் மேலாக இயங்கியது. வண்ணத்தில் தோற்ற கருவியே விற்பனையில் வென்றது. பின்னர் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து, கேம்பாயின் விற்பனை 11 கோடியைக் கடந்தது.

புதியதைத் தேடி ஓடாமல், நன்கு முதிர்ந்த, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை. பயணத்தில் விளையாடும் சிறுவர்க்கு வண்ணத்தைவிட நீண்ட நேர இயக்கமே தேவை என்பதை அக்கருவி உணர்த்தியது. வீட்டில் கணினி அமைப்பவரும் இதே வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும்: எந்த விளையாட்டை, எந்தத் திரையில் ஆட வேண்டும்?

திரை கேட்கும் உழைப்பு

திரைப்படத்தின் காட்சிகள் முன்னரே பதிவானவை. விளையாட்டின் காட்சிகளோ, ஆடுபவரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்பப் புதிதாகக் கணக்கிடப்படுபவை. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமெனில், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே.

முழு உயர் துல்லியம் எனப்படும் 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் என்றால், 12 கோடிக்கும் மேலான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். 3840க்கு 2160 அளவுள்ள திரையில் இவ்வுழைப்பு நான்கு மடங்காகப் பெருகும். உழைப்பு பெருகினால் மின்சாரமும் பெருகும். எனவே, திரையைத் தேர்ந்தெடுக்கும்போதே கணினியின் மின்தேவையும் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

மின்சாரம் வெப்பமாதல்

கணினி பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 300 வாட் மின்திறனில் இயங்கும் கணினி, அறைக்குள் 300 வாட் வெப்பத்தைச் சேர்க்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். ஆகவே, அக்கணினி இயங்கும் அறையில் மேலும் மூவர் அமர்ந்திருப்பதற்கு ஒப்பான வெப்பம் கூடுகிறது.

பெட்டி சிறியதாகும்போது இச்சிக்கல் கடுமையாகிறது. பக்கம் 40 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டியின் கொள்ளளவு 64 லிட்டர். புறப்பரப்பு 9,600 சதுர செ.மீ. பக்கத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு 8 லிட்டராகவும், புறப்பரப்பு 2,400 சதுர செ.மீ. ஆகவும் குறைகின்றன. வெப்பம் வெளியேறும் பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது. ஆனால், உள்ளிருக்கும் உறுப்புகள் அதே வெப்பத்தையே வெளியிடுகின்றன. வெப்பம் எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ள மையச்செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது விலை கொடுத்து வாங்கிய வேகம் பயனின்றிப் போகும்.

தெரியுமா?

ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியலாளர் ராபர்ட் டென்னார்டு, 1974இல் தம் குழுவினருடன் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி, மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் ஓர் அலகுப் பரப்பில் செலவாகும் மின்திறன் மிகாது என்று அது காட்டியது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் மின்கசிவு காரணமாக மின்னழுத்தத்தை அவ்வாறு குறைக்க இயலவில்லை. அதன்பின் வெப்பமே கணினி வேகத்தின் முதன்மை எல்லையாயிற்று.

இடத்தின் கணக்கு

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இணைப்பது ‘மதர்போர்டு’ எனப்படும் தாய்ப்பலகை. 1995இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். வகைப் பலகை 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் உடையது. 2001இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். வகைப் பலகை 170 மி.மீ. பக்கமுள்ள சதுரம். பரப்பளவில் இது முன்னதன் ஐந்தில் இரண்டு பங்கே. இச்சிறு பலகையில் பொதுவாக இரண்டு நினைவக இடங்களும் ஒரே ஒரு விரிவாக்க இடமும் இருக்கும். அவ்வோர் இடத்தில் வரைகலை அட்டையைப் பொருத்திவிட்டால், விளையாட்டுக்கு வேண்டிய இணைப்புகள் நிறைவடைகின்றன.

‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்று கடைகளில் கேட்கப்படும் மின்வழங்கியிலும் சிறுவகை உண்டு. எஸ்.எஃப்.எக்ஸ். வகை மின்வழங்கி ஏறத்தாழ 0.8 லிட்டர் இடத்தில் அடங்கும். வழக்கமான வகைக்கு ஏறத்தாழ 1.8 லிட்டர் வேண்டும். 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட எம்.2 வகைச் சேமிப்பகம், தாய்ப்பலகையின்மீதே படுத்துக்கொள்ளும். அதற்குத் தனி இடமும் வேண்டா, கம்பியும் வேண்டா. இவ்வாறு அமைத்தால், வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைவிடச் சிறிய பெட்டிக்குள் விளையாட்டுக் கணினி முழுவதும் அடங்கிவிடும்.

ஆயினும், சிறிய பெட்டியில் ஓர் உறுப்பின் அளவு மற்றோர் உறுப்பின் இடத்தைப் பறிக்கும். மையச்செயலகத்தின்மேல் அமரும் குளிர்விப்பானின் உயரம், வரைகலை அட்டையின் நீளமும் தடிமனும், கம்பிகள் வளைவதற்கான இடைவெளி ஆகிய அனைத்தையும் வாங்குவதற்கு முன்னரே தாளில் எழுதி ஒப்பிடுதல் வேண்டும். சில மில்லிமீட்டர் பிழையும் மூடியைச் சாத்த விடாது.

மின்சாரத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்போம். மையச்செயலகத்திற்கு 65 வாட், வரைகலை அட்டைக்கு 115 வாட், நினைவகம், சேமிப்பகம், விசிறி முதலியவற்றிற்கு 40 வாட் எனக் கொண்டால் மொத்தம் 220 வாட் ஆகும். மின்வழங்கியின் பயனுறுதிறன் 88 விழுக்காடு எனில், சுவரிலிருந்து பெறும் மின்திறன் 250 வாட். நாள்தோறும் மூன்று மணி நேரம் இயக்கினால் 0.75 யூனிட், முப்பது நாளில் 22.5 யூனிட் செலவாகும். சுவரிலிருந்து 500 வாட் பெறும் கணினி அதே நேரத்தில் 45 யூனிட் கொள்ளும். மின்தடையின்போது துணைநிற்கும் யு.பி.எஸ். கருவியின் தாங்குதிறனையும் இவ்வாறே முன்கூட்டி ஒப்பிட வேண்டும்.

உறுப்பை மாற்றாமலே மின்செலவைக் குறைக்கவும் வழியுண்டு. சில்லில் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதால் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. இரண்டையும் பத்து விழுக்காடு குறைத்தால், 0.9ஐ மூன்று முறை பெருக்கக் கிடைக்கும் 0.729 பங்காக அம்மின்திறன் குறையும். அதாவது, வேகத்தில் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் இம்மின்செலவில் 27 விழுக்காடு மிச்சமாகிறது. நொடிக்கு 60 படங்கள் 54 ஆகக் குறைவதைப் பலர் எளிதில் உணர்வதில்லை. ஆனால், 27 விழுக்காடு வெப்பம் குறைவதைச் சிறிய பெட்டி உடனே உணரும். எனினும், மின்னழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பது சில்லுக்குச் சில்லு வேறுபடும். சிறிது சிறிதாகக் குறைத்து, கணினி தடுமாறாமல் இயங்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

காற்றின் வழி

எதிரெதிர்ச் சன்னல்கள் உள்ள வீட்டில் காற்று தங்காமல் கடந்து செல்லும். கணினிப் பெட்டிக்கும் அதே இலக்கணம்தான். குளிர்காற்று ஒருபுறம் நுழைந்து, வெப்பத்தை ஏந்தி, மறுபுறம் வெளியேற வேண்டும். பெரிய விசிறி மெல்லச் சுழன்று தள்ளும் காற்றைச் சிறிய விசிறி விரைந்து சுழன்றே தள்ள முடியும். அதனால் இரைச்சல் மிகும். ஆகவே, பெட்டி ஏற்கும் அளவில் பெரிய விசிறியைத் தேர்வதே நன்று. மையச்செயலகத்துக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை வெப்பக்கடத்துப் பசை நிரப்புகிறது. பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைத்தால், வெளியேறிய வெப்பக்காற்றே மீண்டும் உள்ளே புகும். தூசி படிந்த வலையும் காற்றைத் தடுக்கும். அதனை அவ்வப்போது தூய்மை செய்தல் வேண்டும். பெட்டியைத் திறக்கும்முன் மின்இணைப்பைத் துண்டிப்பது இன்றியமையாதது.

பதினைந்து வாட்டில் ஒரு கணினி

கேம்பாய் காட்டிய வழி இன்றும் தொடர்கிறது. 2022 பிப்ரவரியில் வால்வு நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டீம் டெக்’ கையில் ஏந்தி விளையாடும் முழுமையான கணினி. மையச்செயலகமும் வரைகலைச் செயலகமும் ஒரே சில்லில் அமைந்த இக்கருவியில், அச்சில்லுக்கு ஒதுக்கப்பட்டது 4 முதல் 15 வாட் மட்டுமே. அதன் மின்கலம் 40 வாட்மணி ஆற்றல் கொண்டது. கருவி முழுவதும் 20 வாட் கொண்டால் இரண்டு மணி நேரம் இயங்கும். இதனை இயலச்செய்தது திரையின் தேர்வே. 1280க்கு 800 அளவுள்ள ஏழு அங்குலத் திரையில் ஏறத்தாழப் பத்து இலட்சம் படப்புள்ளிகளே உள்ளன. முழு உயர் துல்லியத் திரையின் பாதி அளவே உழைப்பு. கைக்கெட்டும் தொலைவில் வைத்துக் காணும் சிறு திரைக்கு அதுவே போதுமானது.

அளவே அறிவு

மினி ஐ.டி.எக்ஸ். பலகையின் திருகுத் துளைகள் பெரிய பெட்டிகளிலும் பொருந்துமாறு அமைந்தவை. பிற்காலத்தில் தேவை பெருகினால், பெட்டியையோ ஓர் உறுப்பையோ மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முழுக் கணினியையும் எறிய வேண்டியதில்லை. இதனால் மின்னணுக் கழிவும் குறைகிறது.

எல்லையற்ற இடமும் மின்சாரமும் இருப்பவருக்குத் தேர்வு செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை. எல்லை உள்ளவரே ஒவ்வொரு வாட்டும் எங்குச் செல்கிறது, ஒவ்வொரு மில்லிமீட்டரும் எதற்குப் பயன்படுகிறது என ஆராய்கிறார். அவ்வாறு ஆராய்ந்து அமைத்தவர், தம் கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்தவராகிறார். பழுது நேரும்போது அதனைத் தாமே கண்டறியும் திறனும் பெறுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினிப் பெட்டியின் நீள, அகல, உயரங்களை அளந்து, அதன் கொள்ளளவை லிட்டரில் கணக்கிடுக.

2. ‘விளையாட்டுக் கருவிக்கு வேண்டியது வேகமா, சிக்கனமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

1. வண்ணத்திரை இல்லாத கேம்பாய் வெற்றி பெற்றமைக்குக் காரணம் யாது?

2. பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவும் புறப்பரப்பும் எவ்வாறு மாறுகின்றன?

3. மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் இருபது விழுக்காடு குறைத்தால் மின்திறன் எத்தனை பங்காகும்? கணக்கிட்டு விளக்குக.

4. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்னும் பழமொழி கணினி அமைப்புக்குப் பொருந்துமாற்றைப் பாடத்தின் வழி நிறுவுக.