மனத்திற்கும் மருந்துண்டு

நுழையும்முன்

காய்ச்சலை நெற்றியைத் தொட்டு அறிகிறோம். மனம் நோயுற்றால் அதனை எவ்வாறு அறிவது? அறிந்தபின் யாது செய்வது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

துயரமும் நோயும்

துயரம் மனித வாழ்வின் இயல்பு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையைக் கூறுகிறார். இழிவு, இழப்பு, நிலைதாழ்தல், வறுமை என்னும் நான்கும் அது தோன்றும் களங்கள் என்கிறார். மதிப்பெண் குறைந்தாலோ, பெற்றோரின் பணிமாற்றத்தால் நண்பரைப் பிரிந்தாலோ நாம் வருந்துகிறோம். நாளடைவில் அவ்வருத்தம் தணிகிறது. இது நோயன்று.

மனச்சோர்வு என்னும் நோய் இதனின் வேறானது. குறைந்தது 2 வாரங்கள், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியில் மனம் தாழ்ந்திருக்கும்; அல்லது முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போகும். உறக்கக் கேடு, பசிமாற்றம், களைப்பு, கவனச்சிதறல், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் ஆகியவற்றுள் பல அதனுடன் சேரும். சிறுவரிடம் எரிச்சலே மிகுந்து காணப்படலாம். வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமலும் இந்நோய் வரலாம்.

வாழ்வில் அதன் தாக்கம்

மனச்சோர்வுற்றவருக்குப் படுக்கையிலிருந்து எழுவதும் பெருஞ்சுமையாகும். மாணவர் ஒரே வரியைப் பலமுறை படித்தும் பொருள் மனத்தில் பதியாது. விளையாட அழைத்தால் செல்ல மனம் வராது. சுற்றியிருப்போர் இதனைச் 'சோம்பல்' என்பர். அச்சொல் அவரது குற்றவுணர்வைப் பெருக்கும், அவர் தம் நோயை மறைப்பார், சிகிச்சை தாமதமாகும்.

மரபுவழி, மூளையில் நிகழும் மாற்றங்கள், நெடுநாள் உடல்நோய், இழப்பு, தனிமை எனப் பல காரணங்கள் கூடி இந்நோயைத் தோற்றுவிக்கின்றன. எனவே இது மனவுறுதியின் குறைவன்று. திரைக்கலைஞர் தீபிகா படுகோனே தாம் இந்நோயால் துன்புற்றதை 2015ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். புகழும் செல்வமும் இந்நோய்க்குத் தடையல்ல என்பதைப் பலரும் அதனால் உணர்ந்தனர்.

சொல்லும் மொழி

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு மொழியும் ஒரு தடையாகலாம். பெரியோர் பலர் மனத்தின் நோவை உடலின் நோவாகவே உரைப்பர். "உடம்பெல்லாம் வலிக்கிறது, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை" என்று பாட்டி சொல்கிறார் என்க. அவ்வூர் மருத்துவரிடம் அதனை மொழிபெயர்க்கும் பேரக்குழந்தை வலியையும் தூக்கமின்மையையும் கூறிவிடும். "பிடிப்பில்லை" என்பதை விட்டுவிடும். மருத்துவர் முதன்மையாக அறியவேண்டியதோ அதுவே. ஆகவே கேட்டது அனைத்தையும் விடாமல் கூறுதல் வேண்டும்.

தமிழிலேயே பேசவும் வழியுண்டு. நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம். அங்குத் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

மருந்தும் துணையும்

மனச்சோர்வு சிகிச்சையால் தணியக்கூடியது. உளவியல் ஆலோசனை, மருந்து ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டுமோ தேவைப்படலாம். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்துதல் கூடாது.

"கவலையை விடு" என்னும் அறிவுரையால் இந்நோய் தீராது. அருகமர்ந்து பொறுமையுடன் கேட்பதும், மருத்துவரிடம் உடன்செல்வதும் உண்மையான துணையாகும். "வாழ விருப்பமில்லை" என்று ஒருவர் கூறினால், அதனை இரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அது நட்புக்குச் செய்யும் துரோகமன்று, உயிர்காக்கும் செயல்.

சொற்பொருள்

மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
நாட்டம் – விருப்பம்
நோவு – வலி, துன்பம்
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. அழுகை தோன்றும் களங்களாகத் தொல்காப்பியர் கூறுவன யாவை?
2. துயரத்திற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
3. 'சோம்பல்' என்னும் சொல் நோயுற்றவரை எவ்வாறு பாதிக்கிறது?

ஆ. பிரித்து எழுதுக.
மருந்துண்டு, குற்றவுணர்வு, அருகமர்ந்து

இ. மொழிச்செயல்
"எதிலும் பிடிப்பில்லை" என்பதை நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் எவ்வாறு கூறுவீர்கள்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, மனவருத்தத்தைக் குறிக்கும் தமிழ்த் தொடர்கள் ஐந்தனைத் தொகுத்து எழுதுக.