வாளித் தண்ணீர் இறங்குகிறது, மெஷின் தண்ணீர் பொங்குகிறது!

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி வீடு எங்களுடையது. வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் தரைத் துவாரம் பொங்கி, நுரை சமையலறை வரை வந்துவிடுகிறது. அதே துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சுகமாக இறங்குகிறது. கோளாறு மெஷினில்தானே? கிள்ளானில் என் அக்கா வீட்டிலும் இதே தொல்லை.
- வாசகி, கோலாலம்பூர்

பதில்: அம்மா, வாளி ஊற்றிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் உங்களை ஏமாற்றியதும் அந்த வாளிதான்.

மெஷின் பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோளாறு குழாயிலுள்ள அரைகுறை அடைப்பில். 50 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். அடைப்பு மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் வாளியில் 6 லிட்டர் அடைப்புக்கு முன்னாலுள்ள குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். மிச்சம் மெல்லக் கசிந்து போய்விடும். மெஷினோ 40, 50 லிட்டரை இரண்டு மூன்று நிமிடத்தில் தள்ளுகிறது. குழாயின் உள்விட்டம் பாதியாகச் சுருங்கினால் தண்ணீருக்குக் கிடைக்கும் வழி கால்பங்குதான். அத்தனை தண்ணீரும் அதற்குள் எப்படி நுழையும்?

சுருக்குவது எது? துணியிலிருந்து உதிரும் பஞ்சும் தலைமுடியும். அவற்றை ஒட்டவைக்கும் பசை, கரையாத சோப்புத் தூளும் மெழுகுத்தன்மையுள்ள சாஃப்ட்னரும். நாம் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் துவைப்பதால் தூள் முழுக்கக் கரைவதில்லை. நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்று இன்னொரு கரண்டி போடுகிறவர்களும் உண்டு, நீங்கள் இல்லையே?

சரி, கையுறை மாட்டுங்கள். துவாரத்தின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கிண்ணம் இருக்கும். இதுதான் ஃப்ளோர் ட்ராப்: கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி, குழாயின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது. அங்கே கிடக்கும் பஞ்சை அள்ளிப் போடுங்கள். பிறகு இரண்டு மூன்று வாளிகளை விடாமல் ஊற்றுங்கள். அப்போதும் தண்ணீர் எதிர்த்து வந்தால் அடைப்பு உள்ளே தள்ளி இருக்கிறது. ஸ்பிரிங் விட வேண்டும். ஸ்பிரிங் என்பது குழாய்க்குள் சுழற்றிச் செலுத்தும் நீண்ட கம்பிச்சுருள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அமிலமும் குளோராக்ஸும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

மெஷின் ஹோஸைத் துவாரத்துக்குள் இறுக்கித் திணித்திருந்தால் தளர்த்துங்கள். குழாயிலுள்ள காற்று வெளியே வர வழி வேண்டும். ஹோஸ் நுனியில் ஒரு வலைப்பை கட்டி வாரம் ஒருமுறை கழுவினால் பஞ்சு உள்ளே போகாது. கழுவ மறந்தால் அந்த வலையே அடைப்பாகிவிடும்.

உங்கள் மெஷினும் குழாய்களும் சும்மா இருக்கும்போதும் தண்ணீர் மேலே வருகிறதா? அப்படியானால் அடைப்பு எல்லா மாடிகளுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயில். அது பொதுச்சொத்து, 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. எழுத்தில் புகார் கொடுங்கள்.

அக்கா வீட்டுக் கதை வேறாக இருக்கலாம். கிள்ளானின் பழைய வரிசை வீடுகள் பலவற்றில் துவைத்த தண்ணீர் நேரே வெளிச்சாக்கடைக்குப் போகிறது. ஊரோ தாழ்வானது, கிள்ளான் துறைமுகத்தில் பெரிய கடல் ஏற்றம் 5 மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் சாக்கடையே நிரம்பி நின்றால் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? பொங்குகிற நாள்களைக் குறித்துவைத்து, கடல் ஏற்ற அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தினால், கடல் வற்றும் நேரத்தில் துவைப்பதுதான் வழி.