உறுமியில் ஏன் சிற்பம் இல்லை?

கேள்வி: தஞ்சாவூர் வீணையில் யாளி முகம் இருக்கிறது. எங்கள் திண்டுக்கல் பக்கத்து உறுமியிலும் தவிலிலும் மரச்சிற்பம் ஏன் இல்லை?

பதில்: வறுமைதான் காரணம் என்பார்கள், ஏற்பதற்கில்லை. கோயில் ஆதரவு பெற்ற தவிலும் செதுக்கல் இல்லாத பலாக்கட்டைதானே! சந்தால் பழங்குடியினரோ தங்கள் நரம்புக் கருவியான பானத்தில் மனித உருவங்களையே செதுக்குகிறார்கள். காரணம் கருவியின் கட்டுமானத்தில் இருக்கிறது. வீணையின் யாளி, ஒலி பெருகும் குடத்துக்கு எதிர்முனையில் இருப்பது; வாசிப்பவரும் உட்கார்ந்தே வாசிக்கிறார். தேவராட்டத்துக்கு உறுமி இசைப்பவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். தோலை இழுத்துப் பிடிக்கும் கயிறோ வாரோ கட்டையைச் சுற்றி ஓடுகிறது. அங்கே செதுக்கினால் பாதி மறையும், மீதி உரசித் தேயும். அழகுணர்ச்சி இல்லையென்றும் சொல்லமுடியாது: தவிலுக்கு வண்ணத் துணியுறை போடுகிறோமே! அடுத்த திருவிழாவில் உறுமிக் கட்டையின் இடை ஒடுங்கும் வளைவைக் கவனியுங்கள்; தச்சரின் திறமை அதில்தான் இருக்கிறது.