வான்கோழியை அறிவோம், வளர்ப்போம்

மாணவமணிகளே! மயில் ஆடக் கண்டு தானும் ஆட முயன்ற பறவையாக வான்கோழியை மூதுரைப் பாடத்தில் சந்தித்திருப்பீர்கள். அவ்வுவமை கல்லாதார் செயலை விளக்க வந்தது. உண்மையில் ஆண் வான்கோழி வாலை விசிறிபோல் விரிப்பது பெட்டையைக் கவர்வதற்கும் பிற ஆண்களை அச்சுறுத்துவதற்குமே ஆகும். மயிலையே காணாத நாட்டிலும் அது அவ்வாறே ஆடும். அதனை மயிலோடு ஒப்பிடுவதால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால், கோழியின் இனந்தானே என்று எண்ணிக் கோழிகளோடு சேர்த்து வளர்ப்பதால் பெரும் நட்டம் உண்டாகும். அதன் காரணத்தை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பெயரும்

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பழக்கி வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். எங்கிருந்து வந்தது என்பதில் மக்களுக்கு ஏற்பட்ட குழப்பம் அதன் பெயர்களில் இன்றும் தெரிகிறது. ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரால் அதனை அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் இந்தியக் கோழி என்னும் பொருளில் பெயரிட்டனர். மலாய் மொழியில் அது ‘ஆயாம் பெலண்டா’, அதாவது டச்சுக்காரரின் கோழி!

1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் ஒரு வான்கோழி கொண்டுவரப்பட்டது. அதன் தலையும் கழுத்தும் நொடிக்கு நொடி நிறம் மாறுவதைக் கண்டு வியந்த பேரரசர், அதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். அவ்வோவியம் இலண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் உள்ளது.

அடையாளம் காணுதல்

வான்கோழியின் தலையிலும் கழுத்திலும் இறகுகள் மிகக் குறைவு. அங்கே சிறு சிறு தசை முடிச்சுகள் காணப்படும். அலகின்மேல் விரல்போல் ஒரு தசை தொங்கும். ஆண் பறவை கிளர்ச்சி அடையும்போது அது நீண்டு அலகையும் தாண்டித் தொங்கும். தலை சிவப்பு, நீலம், வெண்மை என மாறும். வளர்ந்த ஆணின் மார்பில் கருமயிர்க் கற்றை ஒன்று தாடிபோல் தொங்கும். காலில் முள் இருக்கும். பெட்டை உருவில் சிறியது. அலகின்மேல் உள்ள தசையும் சிறியது. கினிக்கோழியை வான்கோழி என மயங்குவாரும் உளர். கினிக்கோழி மிகச் சிறியது. அதன் கருஞ்சாம்பல் இறகுகளில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும்.

இனங்கள் பல உண்டு. தமிழ்நாட்டில் சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையம், கருநிற நாட்டு வான்கோழியையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வெள்ளை இனத்தையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி 1’ என்னும் இனத்தை உருவாக்கியது. நம் நாட்டைப் போன்றே வெப்பம் மிகுந்த இடத்திற்கு ஏற்ற இனம் அது.

குஞ்சுகளைப் பேணுதல்

கோழி முட்டை பொரிக்க 21 நாள்கள் ஆகும். வான்கோழி முட்டைக்கு 28 நாள்கள் வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் நான்கு வாரங்களே கண்டம். முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய 3 பாகை குறைத்துவரலாம். குஞ்சுகள் மின்விளக்கின் அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது என்றும், விலகி ஓடினால் வெப்பம் மிகுதி என்றும் அறிக. மூலையில் குவிந்து மூச்சுத் திணறி மடியாதிருக்க, அட்டையால் வட்டமாகத் தடுப்பு அமைத்தல் நன்று. தரையில் உமியைப் பரப்புக. வழவழப்பான செய்தித்தாளின்மேல் நிற்கும் குஞ்சுகளின் கால்கள் வழுக்கி ஊனமாகும்.

தீவனம் எதிரே இருக்கவும் உண்ணத் தெரியாமல் பட்டினியால் இறப்பது வான்கோழிக் குஞ்சின் இயல்பு. ஆதலால் தீவனத் தட்டிலும் நீர்க் கிண்ணத்திலும் சில வண்ணக் கோலிக்குண்டுகளை இடுக. அவற்றைக் கொத்தப் போய்க் குஞ்சுகள் உண்ணவும் பருகவும் பழகும். அவை விழுங்க இயலாத அளவில் குண்டுகள் இருத்தல் வேண்டும். பச்சை நிறமும் அவற்றை ஈர்க்குமாதலால், பொடியாக நறுக்கிய கீரையைத் தூவலாம். இளங்குஞ்சுகளின் தீவனத்தில் 28 விழுக்காடு புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் அதற்குப் போதாது. வளர்ந்தபின் புல், கங்கோங் கீரை, பூச்சிகள் ஆகியவற்றையும் விரும்பித் தின்னும்.

கோழியோடு சேர்க்காதீர்

பெற்றோர்களே, தோட்டப் பாட்டாளிப் பெருமக்களே! இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். கோழியின் குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நோயுயிரி ஒன்று தங்கியிருக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் தீங்கு தெரிவதில்லை. எச்சத்தின் வழியாக அப்புழு முட்டைகள் மண்ணில் கலந்து ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கும். மண்புழுக்களும் அவற்றைச் சுமக்கும். அம்மண்ணைக் கிளறி இரை பொறுக்கும் வான்கோழிக்குக் ‘கருந்தலை நோய்’ காணும். சிறகு தொங்கும், உறக்கம் மேலிடும், எச்சம் கந்தகம்போல் மஞ்சளாகும், ஈரல் புண்ணாகும். சில நாள்களில் கூட்டமே மடியவும் கூடும்.

நோய் கண்டபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் வராமல் தடுப்பதே அறிவுடைமை. கோழி மேய்ந்த நிலத்தில், கோழிகளை விற்றுவிட்ட பின்னரும், வான்கோழியை விடலாகாது. வேறு இடம் இல்லையெனில் மண்ணில் படாதவாறு உயரத்தில் பலகைச் சட்டங்களால் தளமிட்டுக் கொட்டகை அமைக்கலாம். இரு கூட்டங்களுக்கும் தட்டுகளையும் காலணிகளையும் தனித்தனியே வைத்துக்கொள்க. இரண்டில் ஒன்றை மட்டும் வளர்ப்பது இன்னும் நன்று.

இடமும் காவலும்

பெட்டாலிங் ஜெயா போன்ற நகர்ப்புறத்தில் வீட்டுப் பின்புறம் வளர்க்க விரும்புவோர் முதலில் மாநகர் மன்ற விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். ஆண் பறவையின் உரத்த குரல் அண்டை வீட்டார்க்குத் தொல்லை தரலாம். தோட்டத்தில் வசிப்போர் நிர்வாகத்தின் இசைவு பெறுக. அடைமழையில் நனையாத கூரை, நண்பகலில் நிழல், எந்நேரமும் தூய நீர், மூசாங்கும் மலைப்பாம்பும் நுழையாத கம்பிவலை ஆகியவை இன்றியமையாதவை. பறவையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. பறவைகள் திடீரெனப் பல இறப்பின் அவற்றைச் சமைக்காமல், கால்நடை மருத்துவ இலாகாவிற்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

வளர்ந்த நாட்டு வகை ஆண் 7 அல்லது 8 கிலோவும் பெட்டை 4 அல்லது 5 கிலோவும் எடை காணும். பெட்டை ஏறத்தாழ 30 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். இயல்பறிந்து வளர்ப்பார்க்கு இறைச்சியும் முட்டையும் சிறு வருவாயும் கிட்டும்.

சிந்தித்து விடை கூறுக

1. வான்கோழிக்கும் கினிக்கோழிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. தீவனத் தட்டில் கோலிக்குண்டு இடுவது ஏன்?
3. கோழிகளை விற்ற பின்னரும் அந்நிலத்தில் வான்கோழியை விடலாகாது என்பதன் காரணத்தை உம் வீட்டாருக்கு எடுத்துரைக்க.