சிசுவின் தலையில் இறுகிய இரத்தத் திரட்டு

இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அப்பால் உள்ள வட்டவடை போன்ற மலையூர்களில், பச்சிளங் குழந்தையின் தலையில் தோன்றும் புடைப்பை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். வீடு தேடிச் செல்லும் ஆஷா பணியாளரோ அங்கன்வாடி ஆசிரியையோ ஆவர். ஆகவே, புடைப்பின் தன்மையை அவர்கள் பகுத்தறிதல் இன்றியமையாதது.

பிரசவத்தின்போது, சிறப்பாக ஆயுதம் போட்டு எடுக்குங்கால், மண்டையெலும்புக்கும் அதைப் போர்த்திய எலும்புறைக்கும் இடையே இரத்தம் சேர்வதுண்டு. எலும்புறை பொருத்துவாய்களில் இறுகப் பற்றியிருப்பதால், இப்புடைப்பு ஓர் எலும்பின் எல்லையைக் கடவாது. பிறந்த சில மணி நேரத்திற்குப் பின்னரே அது புலப்படும். பிறக்கும்போதே காணப்பட்டு, பொருத்துவாய்களைக் கடந்து பரவி, சில நாட்களில் வடிவது வெறும் நீர்வீக்கமே. ஆனால் தலை முழுதும் தளதளவெனப் பரவும் வீக்கத்துடன் குழந்தை வெளிறி, நாடி விரைந்தால், அது பேராபத்தான உட்பெருக்கு. கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

எலும்புறைக்கு அடியில் தேங்கிய இரத்தம் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் 3 மாதங்களுக்குள் தானே உறிஞ்சப்பட்டு மறையும். சிலரிடம் மட்டும் எலும்புறை விளிம்பிலிருந்து புதிய எலும்பைப் படியச் செய்கிறது. புடைப்பு கல்போல் இறுகுகிறது. விளிம்பு உயர்ந்தும் நடு தாழ்ந்தும் இருப்பதால், எலும்பு உட்குழிந்து முறிந்ததென மயங்க இடமுண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவை ஐயம் நீக்கும்.

இறுகியவற்றுள்ளும் பல, மண்டை வளர வளரச் சமனாகும். உள்ளோடு அமுங்கியிருந்தாலோ தலை வடிவம் மிகவும் கெட்டிருந்தாலோ மட்டுமே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதனை நரம்பியல் அறுவை மருத்துவரே முடிவு செய்வார்.

ஊசியால் குத்தி இரத்தத்தை வெளியேற்றுதல், அழுத்தித் தேய்த்தல், சூட்டு ஒற்றடம் ஆகியவை கூடா. குத்தினால் கிருமி புகுந்து சீழ் கட்டும். தேங்கிய இரத்தம் சிதைவதால் மஞ்சட்காமாலை மிகக்கூடும். எனவே 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களின் வீட்டுப் பார்வையில் குழந்தையின் நிறம், பால் குடித்தல், புடைப்பின் அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. புடைப்பு சிவந்து சுடுமாயினும், காய்ச்சல், வலிப்பு, சோர்வு காணினும், உடனே மருத்துவரிடம் அனுப்புக. 3 மாதங்களுக்குப் பின்னும் கடினமாக நிற்பின், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டக் குழுவினரிடம் காட்டுக.

கைவைக்காமல் காத்திருப்பதும், காலத்தில் அனுப்புவதும் இங்குச் சிகிச்சையே என்பதைத் தாய்மார் உணருமாறு எடுத்துரைப்பது ஊழியர் கடமையாகும்.