எழுதுவோரே முதல் ஆசிரியர்

1998ஆம் ஆண்டில் ஒரு நாள். கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறிய ஒரு பெண், கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் நோக்கி நடக்கிறாள். இணையத்தில் வெளிவரும் தொடர்கதை ஒன்று இவ்வாறு தொடங்குவதாகக் கொள்வோம். வருணனை அழகாகவே இருக்கலாம். ஆனால், கே.எல். சென்ட்ரல் 2001ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கு வாழ்ந்த ஒருவர் இதைப் படித்தால், முதல் வரியிலேயே கதையின்மீது அவருக்குள்ள நம்பிக்கை தளர்ந்துவிடும்.

நாளிதழில் வெளிவரும் கதையாக இருந்தால், இத்தகைய பிழையை ஆசிரியர் கண்டு திருத்த வாய்ப்புண்டு. மலேசியத் தமிழ்ப் புனைகதை பெரும்பாலும் நாளிதழ்களின் வழியே வளர்ந்தது. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தமிழ் நேசன் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1950, 1951ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அந்நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதை எழுதும் முறையை நாளிதழின் வழியாகவே கற்பித்தனர். எழுதி அனுப்பியோரின் திறனை மதிப்பிட்டனர். கற்பிக்கவும் திருத்தவும் ஒருவர் இருந்ததால் புதியவர்கள் துணிந்து எழுதினர்.

தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. அதற்கு முன்பே எழுத்துலகம் கணினிக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், கணினியில் தமிழை எளிதாகத் தட்டச்சு செய்ய வழிவகுத்தது. இன்று கைப்பேசியிலேயே கதை எழுதி, அடுத்த நிமிடமே உலகெங்கும் உள்ள வாசகர்களுக்கு அளிக்க முடிகிறது. இஃது ஒரு பெரிய வாய்ப்பு. ஆயினும், எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் இடையில் நின்று பிழை பார்த்தவர் இப்போது இல்லை. அந்தப் பொறுப்பையும் எழுதுபவரே ஏற்க வேண்டியுள்ளது. அதற்குச் சில பழக்கங்கள் துணைசெய்யும்.

முதலாவது, காலந்தவறாமை. தொடர்கதை என்பது வாசகருக்கு அளிக்கும் வாக்குறுதியாகும். கல்கி தமது இதழில் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். எழுத்தாளர் ஜெயமோகன், மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்னும் பெயரில் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாகத் தம் இணையத்தளத்தில் நாள்தோறும் வெளியிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எனினும், காய்ச்சலும் தேர்வும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே, நான்கைந்து அத்தியாயங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை வெளியிடுவது நல்லது.

இரண்டாவது, அத்தியாயத்தின் அமைப்பு. இணைய வாசகர் பெரும்பாலும் சிறிய திரையில், பயணத்திற்கும் வேலைக்கும் இடையே படிக்கிறார். ஆதலால், ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஏதேனும் ஒன்று மாற வேண்டும்: ஓர் உண்மை தெரியவரலாம், ஓர் உறவில் விரிசல் விழலாம். ‘கதவு தட்டப்பட்டது’ என்று முடித்துவிட்டு, அடுத்த வாரம் ‘வந்தது பூனைதான்’ என்று எழுதினால், வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். கதைமாந்தர் எடுக்கவேண்டிய முடிவிலிருந்து பிறக்கும் கேள்வியே அவரை மீண்டும் அழைத்து வரும்.

மூன்றாவது, குறிப்பேடு. கதைமாந்தரின் பெயர், வயது, உறவுமுறை, ஊர், நிகழ்வு நடக்கும் ஆண்டு ஆகியவற்றை ஒரே இடத்தில் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், மூன்றாம் அத்தியாயத்தில் ‘அத்தை’யாக இருந்தவர் பத்தாம் அத்தியாயத்தில் ‘சித்தி’யாகிவிடுவார்.

நான்காவது, பொறுமை. எழுதி முடித்தவுடன் வெளியிடாமல் ஓர் இரவு காத்திருந்து, மறுநாள் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழை காதுக்குத் தப்புவது அரிது. கிள்ளானில் வாழும் பாட்டி செய்தி வாசிப்பாளரைப்போல் பேசினால், அதையும் காது உடனே காட்டிக்கொடுக்கும்.

வெளியிட்ட பின்னர் வாசகர்களின் கருத்துகள் வந்து சேரும். பிழையைச் சுட்டுவோருக்கு நன்றி கூறித் திருத்துவது கடமை. ஆனால், ‘அந்தக் கதைமாந்தர் இறக்கக்கூடாது’ எனப் பலர் கேட்பதற்காகவே கதையின் போக்கை மாற்றினால், கதை எழுதியவரின் கையை விட்டுப் போய்விடும்.

இனி, அந்த 1998ஆம் ஆண்டுப் பெண்ணிடம் திரும்புவோம். குறிப்பேட்டைப் புரட்டிய எழுத்தாளர், அவளைப் பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் இறக்குகிறார். இரயில் பிரிக்பீல்ட்ஸைக் கடந்துதான் அந்நிலையத்தை அடையும். சேரவேண்டிய இடம் சன்னலுக்கு வெளியே நழுவிப் போவதை அவள் பார்க்கிறாள். பிறகு இறங்கி, வந்த வழியே திரும்பி நடக்கிறாள். பிழையைத் திருத்தப் போனவருக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. திருத்துவதும் எழுதுவதே என்பதை அறிந்தவருக்கு இணையம் நல்ல களமாக அமையும்.